உதயரூபன் விற்றதாகச் சொல்லப்படும் ஈரல்

கல்லடியில் திவாகரனின் தேநீர்க் கடையை வந்தடைந்தபோது அது ஒரேயொரு சிறுநீரகமாகத்தான் இருந்தது. பழுகாமத்து உதயரூபன், விபத்தில் செத்துப்போன தன் மனைவியின் சிறுநீரகத்தைக் கொழும்பு ஆட்களுக்கு விற்றுவிட்டான் என்பது செய்தி. மறுநாள் காலையில் இரண்டாவது சிறுநீரகமும் போய்விட்டது. பின்னேரம் ஈரல். கிரானிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர், பிளேன்டீ ஒன்று குடிக்கிற நேரத்துக்குள் கண்கள் இரண்டையும் இறக்கிவைத்துவிட்டுப் போனார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்தப் பெண்ணில் புதைப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

"வித்த காசில என்ன வாங்கினவன் தெரியுமா?" என்றார் திவாகரன், தேநீரை ஆற்றிக்கொண்டே. "புது ஸ்பீக்கர். ஓட்டோவுக்கு மேல பூட்டியிரிக்கான். இப்ப அவன் அறிவிக்கக்குள்ள பொஞ்சாதிட ஈரலுக்குள்ளாலதான் சத்தம் வருது."

உதயரூபன் ஓட்டோவில் ஒலிபெருக்கி பூட்டி ஊரூராகப் போய் மரண அறிவித்தல் சொல்கிறவர். வாவியின் மேற்குக் கரை முழுவதற்கும் அவர் குரல் தெரியும்.

"ஆரு கண்ட?" என்று கேட்டேன்.

"ஊரே கண்ட. பிரேதத்தக் குளிப்பாட்டின பொம்புளயள் தையல் போட்டிரிந்ததப் பார்த்திரிக்காங்க. மறுகா, அவனே மைக்கில சொல்லியிரிக்கான்."

"வித்துப்போட்டன் எண்டா?"

"குடுத்திட்டன் எண்டு. இந்தக் காலத்தில ஆரு மச்சான் சும்மா குடுக்கிற? ஒரு தேங்காய் சும்மா தருவானா ஒருத்தன்? ஈரலக் குடுப்பானா?"

வாங்குப் பலகையில் இருந்த ஓய்வுபெற்ற கிராம சேவகருக்கு இதைவிடப் பெரிய கவலை இருந்தது. மட்டக்களப்பில் குடி என்பது தாய் வழியாக இறங்குவது. ஒரே குடிக்குள் கலியாணம் கட்டுவதில்லை, எல்லாரும் அண்ணன் தங்கை முறை. இப்போது குடி தெரியாத யாருக்கோ நம்முடைய குடிப் பெண்ணின் சிறுநீரகம் போயிருக்கிறது.

"நாளைக்கு அவன் நம்மட குடிக்குள்ளயே பொம்புள கேட்டு வந்தா என்ன செய்யிற? உள்ளுக்க கிடக்கிறது தங்கச்சிட சாமானல்லோ?"

"ஆம்புளைக்குப் போயிரிந்தாப் பயமில்ல," என்றார் பக்கத்தில் இருந்தவர், நன்றாக யோசித்த முகத்தோடு. "அவனோட முடிஞ்சிரும். பொம்புளைக்குப் போயிரிந்தாத்தான் சிக்கல். குடி அவள்ட புள்ளைகளுக்கும் இறங்கும்."

மருத்துவ உலகம் இன்னும் இந்த இடத்துக்கு வரவில்லை. வந்தால் அது நேராகத் திவாகரனின் கடைக்குத்தான் வரவேண்டும்.

செய்திக்கு ஒரு வால் இருந்தது, பத்திரிகைக்கு எழுதுகிற என்னை எழும்ப வைத்தது அந்த வால்தான். இறந்த பெண்ணின் தாய் இரத்தினம்மா தன் காதுத் தோடுகளைக் கழற்றிக் காத்தான்குடிக் கபூர் ஹாஜியாரின் நகைக்கடையில் கொடுத்து, மகளுக்கு வெள்ளியில் ஈரலும் சிறுநீரகமும் கண்ணும் செய்யச் சொல்லியிருக்கிறாராம். குறையாக மண்ணுக்குள் போன பிள்ளை மறுபிறவியில் குறையாகப் பிறக்கக் கூடாதாம். முப்பத்தோராம் நாள் முடிந்ததும் மருமகனை வீட்டை விட்டு இறக்கப்போகிறாராம். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருக்கிறவர். பெண் போனபின் அவர் எந்த உரிமையில் இருப்பது?

வெள்ளியில் ஈரல் என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் அதுவரை கேட்டதில்லை. அதனால் முதலில் காத்தான்குடியில் இறங்கினேன்.

அப்துல் கபூர் ஹாஜியார் மறுக்கவில்லை. ஒரு தாள் பொதியை அவிழ்த்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். கண்மலர் ஒரு சோடி. அவரைக் கொட்டை மாதிரி இரண்டு சிறுநீரகம். நடுவில், உள்ளங்கைக்கு அடங்கிய, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஈரல். மினுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் என் கை வலது விலாவுக்கடியில் தடவிப் பார்த்தது.

"கண் செஞ்சிரிக்கன், கை கால் செஞ்சிரிக்கன், புள்ள இல்லாதவங்களுக்குத் தொட்டில் செஞ்சிரிக்கன்," என்றார். கோயிலில் நேர்த்திக்குப் போடுகிற வெள்ளி உருக்களை அவருடைய கடையில்தான் பலரும் எடுப்பார்கள். "ஈரல் மட்டும் என்ட வாப்பாட காலத்திலயும் ஒருத்தரும் கேட்டதில்ல. எப்பிடி இரிக்கும் எண்டே தெரியா. மறுகா இறைச்சிக் கடைக்கு ஆள் அனுப்பின."

"மாட்டீரலா?"

ஹாஜியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கோயிலுக்குப் போற சாமான், தம்பி. மாட்டீரலப் பார்த்துச் செய்யிறதா? ஆட்டு ஈரல்."

உள்ளே இருந்து அவருடைய மனைவி ஆமினா உம்மாவின் குரல் வந்தது. "அந்த ஈரலக் கொண்டாந்து குளிர்ப்பெட்டிக்குள்ள வெச்சிட்டு அடிக்கடி திறந்து திறந்து பார்த்தாரு. சமைக்கட்டா எண்டு கேட்டா, 'இரி, இன்னும் அளவு எடுத்து முடியல்ல' எண்றாரு. கடைசியில பூனைக்குத்தான் போட்ட."

உங்கள் ஆட்கள் உறுப்புக் கொடுப்பார்களா என்று ஹாஜியாரிடம் கேட்டேன்.

"ஒரு மௌலவி கூடும் எண்டாரு. இன்னொரு மௌலவி கூடாதெண்டாரு. நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டு வந்த."

"உங்களுக்கு ஒரு கிட்னி தேவைப்பட்டா? வாங்கலாமா?"

"அதில ரெண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்ல," என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பிறகு பொதியைக் கட்டி என் கையில் தந்தார். "பழுகாமம் போறெண்டா இதக் குடுத்திடுங்க. நாளைக்குக் கோயிலுக்குப் போடணுமெண்டு கேட்டவ."

பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டும்போது என் சட்டைப் பையில் ஒரு முழுப் பெண்ணின் உள்ளுறுப்புகள் கிணுகிணுத்துக்கொண்டு வந்தன. துப்பறியப் போகிற ஒருவன் தடயப் பொருளோடு போவது எந்தச் சட்டத்தில் சரி என்று தெரியவில்லை.

உதயரூபன் வீட்டில் இல்லை. வட்டை ஓரத்தில், வயலுக்குள் இறங்குகிற பாதையில், மருத மரத்தின் கீழே ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தார். மேலே புது ஸ்பீக்கர் பளபளத்தது. ஆள் மெலிந்தவர். அவ்வளவு பெரிய குரல் அந்த நெஞ்சுக்குள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.

வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"எவ்வளவுக்கு வித்தனாம்?"

"கல்லடியில ஒரு விலை. கிரானில ஒரு விலை."

"கிரானில கூடத்தான் இரிக்கும். என்ட ஊரெல்லோ," என்றார்.

கிரானில் பிறந்தவர். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரோடு வயர் இழுக்கப் போய், ஒரு நாள் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு சொல் சொன்னாராம். அதைக் கேட்ட கோயில் தலைவர், தான் செத்தால் இந்தக் குரல்தான் சொல்லவேண்டும் என்றிருக்கிறார். சில மாதத்தில் அவர் செத்தும் போனார். தொழில் அப்படித் தொடங்கியது. பிறகு பழுகாமத்தில் கலியாணம். மனைவி தக்ஷாயினி முன்பள்ளி ஆசிரியை. யாருக்கு யார் மருமகன், யார் சகலன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அறிவித்தலை எழுதிக் கொடுப்பது தக்ஷாயினி, வாசிப்பது உதயரூபன்.

ஒரேயொரு முறைதான் அறிவித்தல் பிழையாகிப் போனது. கிரானில் இராசதுரை என்ற கமக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக மகன் தொலைபேசியில் அழுதிருக்கிறார். உதயரூபன் உடனே ஓட்டோவை எடுத்தார். உண்மையில் செத்தது பக்கத்துக் கட்டில் ஆள். இராசதுரை சுகமாகி, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வெளியேறி, பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தார். சந்தியில் பஸ் நின்றபோது யன்னல் வழியாகத் தன் மரண அறிவித்தலை முழுசாகக் கேட்டார். இறங்கி நேரே ஓட்டோவுக்கு வந்தார்.

"அடிக்கப்போறார் எண்டு நினைச்சன், அண்ணன். அவர் சொல்றார், 'எல்லாம் சரி தம்பி, என்ட மூத்த மருமகன்ட பேர விட்டிட்டாய்' எண்டு."

ஊர் சிரித்து முடிந்தாலும் உதயரூபனுக்கு அது முடியவில்லை. அவருடைய அறிவித்தலைக் கேட்டு இராசதுரையின் மனைவி கிணற்றடியில் விழுந்து கையை முறித்திருந்தார். அதிலிருந்து உதயரூபன் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி சொன்னாலும் கேட்பதில்லை, மகன் சொன்னாலும் கேட்பதில்லை. மூச்சு நின்றதைத் தான் நேரில் கண்டால், அல்லது பிரேதம் வீட்டுக்கு வந்தால், அதன் பிறகுதான் மைக்கைத் தொடுவார். இந்தச் சட்டத்தால் எத்தனையோ வீடுகளில் ஏச்சு வாங்கியிருக்கிறார். ஒரு நாளும் மீறவில்லை.

தக்ஷாயினி, கூடப் படிப்பிக்கும் ஆசிரியையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வரும்போது சேலைத் தலைப்பு சில்லுக்குள் போனது. தலை அடிபட்டது. ஆஸ்பத்திரியில், இரத்தினம்மாவைப் பக்கத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் இருத்திவிட்டு, கதவுக்கு வெளியே உதயரூபன் மட்டும் நின்றபோது பெண் டொக்டர் ஒருவர் அவரை ஓர் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். சிங்களப் பிள்ளை, நிதானமாகத் தமிழில் சொன்னாராம். மூளை செத்துவிட்டது, இரண்டு முறை சோதித்துப் பார்த்தோம், திரும்பி வராது, மூச்சு மெசினுடையது. பிறகு, நீங்கள் விரும்பினால் மட்டும் என்று சொல்லி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இந்த இடத்தில் நான் குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கொடுத்தார், விற்கவில்லை, வதந்தி பொய், நல்ல மனிதர். கட்டுரை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

"நான் ஏலாதெண்டு சொல்லிட்டன்," என்றார் உதயரூபன்.

கேட்டது சரிதானா என்று திரும்பக் கேட்டேன்.

"ஏலாதெண்டன், அண்ணன். நெஞ்சு ஏறி இறங்குது. கையப் பிடிச்சாச் சூடு. நான் சாவு அறிவிக்கிறவன். மூச்சு நிக்காத ஒருத்தியச் செத்திட்டாளெண்டு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல்ல. இராசதுரையர் பஸ்ஸில வந்த மாதிரி இவளும் வந்திட்டாளெண்டா?"

மெசினைப் பற்றி டொக்டர் சொன்னது விளங்கவில்லையா என்றேன்.

"காதுக்கு விளங்கின. கைக்கு விளங்கல்ல."

"ஊர் என்ன சொல்லும் எண்டும் யோசிச்சீங்களா?"

"யோசிச்சன். காசுக்கு வித்திட்டான் எண்டு சொல்லும் எண்டு யோசிச்சன்."

அதற்கு மேல் எனக்குக் கொப்பி தேவைப்படவில்லை. கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து ஒருவர் கொடுக்காமல் விடுகிறார். அவர் கொடுக்காமல் விட்டபின்பு, ஊர் அதையே எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"அவட விருப்பம்?"

"ஒருக்கா டீவியில கண் குடுக்கிறதப் பத்திப் போன. அப்ப சொன்னாள், 'செத்தா எல்லாத்தையும் குடுத்திருங்க. கண்ண முதல் குடுங்க. உங்களையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கண், வேற எதையும் பார்க்கட்டும்' எண்டு. சிரிச்சிட்டுத்தான் சொன்னாள். ஆனா சொன்னாள்."

அடுத்த நாள் இதயமும் நின்றது. அப்போது கண்ணையாவது கொடுத்திருக்கலாம். யாரும் திரும்பக் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. அத்தோடு, விபத்துச் சாவு என்றால் பிரேத பரிசோதனை இல்லாமல் உடம்பைத் தரமாட்டார்கள். அவர் கொடுக்க மறுத்த உடம்பைச் சட்டம் வெட்டித் தைத்துக் கொடுத்தது. குளிப்பாட்டிய பெண்கள் கண்டது அந்தத் தையலைத்தான்.

"அப்ப மைக்கில என்னத்துக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

அறிவித்தலை வேறு யாரும் சொல்ல அவர் விடவில்லை. எழுதிக் கொடுக்க ஆள் இல்லாததால் மனத்தில் இருந்தே சொன்னார். பிறந்த இடம், தாய் தகப்பன், கணவன் எல்லாம் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு எந்த அறிவித்தலிலும் பிள்ளைகளின் பேர் வரவேண்டும். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஓட்டோ நகர்கிறது, வேலிக்கு வேலி சனம் நின்று கேட்கிறது, வசனம் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த இடத்தில் அவர் வாய் தன்பாட்டில் ஓடியது. எனக்காக ஒரு முறை சொல்லிக் காட்டினார், மைக் இல்லாமல், மெதுவாக:

"அன்னார் இரத்தினம்மாவின் ஏக புத்திரியும், உதயரூபனின் அன்பு மனைவியும், பெயர் தெரியாத இருவரின் சிறுநீரகமும், ஒருவரின் ஈரலும், மேலும் இருவரின் பார்வையும் ஆவார்."

வயலில் கொக்குகள் எழும்பி இருந்தன.

"ஆஸ்பத்திரியில குடுக்க ஏலாம போனத மைக்கில குடுத்தன்," என்றார். "ஒரு ஊரில சொன்னா மற்ற ஊரிலயும் அப்பிடியே சொல்லத்தானே வேணும்."

புது ஸ்பீக்கர் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. அவளுடைய பேரைச் சொன்ன ஸ்பீக்கரால் இன்னொரு பேரைச் சொல்ல முடியவில்லையாம். அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, தவணைக்கு இதை எடுத்தாராம்.

அப்போதுதான் பொதி ஞாபகம் வந்து எடுத்து நீட்டினேன். அவர் அவிழ்த்துப் பார்த்தார். மாமி தன் கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பதற்காகக் கண்மலர் நேர்ந்திருக்கிறார் என்று மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. ஈரலைக் கையில் எடுத்ததும் இது என்ன என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். எதைக் கொடுத்துச் செய்வித்தார் என்பதையும் சொன்னேன்.

"காதுத் தோட்டக் கழற்றினது துக்கத்துக்கெண்டெல்லோ எனக்குச் சொன்னவ."

உறுப்புகளைத் திரும்பத் தாளுக்குள் வைத்துக் கட்டினார். நாளைக்குக் கோயிலுக்குப் போகிறார் அந்தத் தாய். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிற மகளுக்காக வெள்ளியில் உள்ளுறுப்புப் போடப் போகிறார். உண்மையைச் சொன்னால் வீடும் போகும், தக்ஷாயினியின் பேரில் ஊரூராகச் சொன்ன அந்த ஒரு வசனமும் போகும். சொல்லாவிட்டால் நாளைக்குப் பொய் சாமிக்கு முன்னால் போய் நிற்கும். உதயரூபன் ஓட்டோவைக் கிளப்பினார். நானும் ஏறிக்கொண்டேன்.

இரத்தினம்மா முற்றத்தில் இருந்து முப்பத்தோராம் நாள் சமையலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காதுத் துவாரங்கள் வெறுமையாகத் தொங்கின. பொதியை வாங்கி, சுளகின் ஓரத்தில் அரிசியை ஒதுக்கி, உறுப்புகளை ஒவ்வொன்றாக வைத்தார்.

"இதா தம்பி ஈரல்? இப்பிடித்தான் இரிக்குமா?"

"ஆட்டு ஈரலப் பார்த்துச் செஞ்சதாம், அம்மா."

"ம். அவளுக்கு இவ்வளவு பெரிசா இரிந்திராது. சின்ன உடம்புக்காரி."

"மறுபிறப்பில குறையில்லாமப் பிறக்கணுமெண்டு நீங்க இதச் செய்யிறதா ஊரில கதைக்காங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஊருக்கு என்ன விசரா? செத்தவளுக்கு எதுக்குக் கண்மலர்? நோகிற கண்ணுக்குத்தானே கண்மலர் போடுற. இது அவள்ட சாமான வாங்கினவங்களுக்கு. அந்த ரெண்டு பேருக்கும் கிட்னி ஒட்டணும். கண்ணு ரெண்டும் துலங்கணும். ஈரல் கிடைச்சவன் குடிகாரனா இரிக்கக் கூடாது. அத அம்மனுக்குத் தனியாச் சொல்லியிரிக்கன்."

நான் உதயரூபனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"முதல் மைக்கில கேட்டதும் இவர வெட்டிப்போடணும் போல இரிந்த," என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். "குளிப்பாட்டினவளுகள் தையலச் சொல்லக்குள்ள இன்னும் கூட. மறுகா ஒரு நாள் பஸ்ஸில ஒரு பெடிச்சி, கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு, என்னையே பார்த்துட்டு வந்தாள். அது என்ட மகள்ட கண்ணோ எண்டு நினைச்சன். இறங்கக்குள்ள அவள்ட தலையத் தடவிட்டு இறங்கின. என்னைப் பைத்தியம் எண்டுதான் நினைச்சிரிப்பாள். அண்டைக்குத்தான் தம்பி நான் ஒழுங்காச் சோறு தின்ட."

"மாமி," என்றார் உதயரூபன்.

"என்ன மருமகன்?"

"நான் குடுக்கல்ல."

"என்னத்த?"

"ஒண்டையும்."

சுளகு நின்றது. அவர் விளங்காதவர் போல் மருமகனைப் பார்த்தார், பிறகு வெள்ளியைப் பார்த்தார்.

"அப்ப தையல்?"

"அது சட்டத்துக்கு வெட்டின, மாமி. விபத்தெண்டா வெட்டுவாங்க."

"உன்னட்டக் கேட்டவங்களா?"

"கேட்டாங்க. ஏலாதெண்டன். நெஞ்சு ஏறி இறங்கிட்டிரிந்த. சூடாக் கிடந்தாள்."

"அந்தப் பஸ்ஸில வந்த பெடிச்சி?"

"அது ஆரோ, மாமி."

நான் எதிர்பார்த்தது வேறு. மகள் முழுசாகத்தான் போயிருக்கிறாள், ஒரு துண்டும் குறையவில்லை. ஊர்க் கதைப்படி அந்தத் தாய்க்கு வேண்டிய ஆறுதல் அதுதான். அந்த ஆறுதல் கிடைத்த முகத்தைப் பார்த்தேன். இனி ஒரு முறை பார்க்க விரும்பவில்லை.

"அப்ப ஒருத்தரும் இல்லையா?" என்றார். "ஒருத்தர் கூட இல்லையா? முழுசா மண்ணுக்குள்ளதான் கிடக்காளா?"

சுளகை எறிந்தார். அரிசி முற்றமெங்கும் பரந்தது. வெள்ளி ஈரல் உருண்டு போய் ஓட்டோ சில்லில் முட்டி நின்றது.

"ஒருக்கா அழுது முடிச்சிட்டன். இப்ப ரெண்டாம் தரம் சாக வெச்சிட்டியே, மனே."

உதயரூபன் உள்ளே போய்த் துணிப்பை ஒன்றோடு வந்தார். ஒரு கையில் பழைய ஸ்பீக்கர். அவற்றை ஓட்டோவுக்குள் வைத்தார்.

"எங்க போறாய்?"

"கிரானுக்கு."

"அப்ப எனக்கு ஆரு அறிவிக்கிற?"

உதயரூபன் ஓட்டோவிலிருந்து கையை எடுத்தார்.

"ஊரூராய்ப் போய்ப் பொய் சொன்ன வாய் அது," என்றார் இரத்தினம்மா. கண்ணைத் துடைக்கவுமில்லை, குரலைத் தாழ்த்தவுமில்லை. "அத மெய்யாக்காம நீ எங்கயும் போக ஏலாது. கண்ணெண்டா மூச்சு நிண்டாப் பிறகும் எடுப்பாங்களாமே? உன்ட மைக் சட்டத்துக்கும் சரிதானே? என்ட கண்ணக் குடு. குடுத்திட்டு, பழுகாமத்தில தொடங்கி, அவளுக்கு எங்கெங்க சொன்னாயோ அங்கெல்லாம் சொல்லு. இன்னும் இருவரின் பார்வையும் எண்டு சொல்லு. அவளுக்குச் சொன்ன அதே ஸ்பீக்கரில சொல்லு. அதுவரைக்கும் இந்த வீட்டில இரி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, வெள்ளை படர்ந்த கண்ண எடுப்பாங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு ஒரு கண் வைத்தியரிடம் கேட்டேன். எடுப்பார்களாம், வெள்ளை படர்வது கண்ணின் வேறொரு பகுதியில் என்றார். தகவலை உதயரூபனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சொல்லிடுறன்," என்றார். சொல்வது கஷ்டம்தான், மாமி அவரோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டை மட்டும் மூடி வைப்பாராம்.

சுளகை எறிந்த மறுநாள் இரத்தினம்மா கோயிலுக்குப் போகத்தான் செய்தார். உதயரூபனின் ஓட்டோவில், பின் இருக்கையில், வெள்ளிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு. யாருக்காகப் போடுவது என்று பூசகர் கேட்டாராம். "கிடைக்காமப் போனவங்களுக்கு," என்றாராம்.

நான் கல்லடிக்குத் திரும்பி, நடந்ததைத் திவாகரனின் கடையில் சொன்னேன். உதயரூபனே இனி மறைக்கத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார். யாருக்கும் பிடிக்கவில்லை.

"ஒண்டுமே விக்கல்லையா?" என்றார் திவாகரன், ஏதோ தன் சாமான் களவு போன மாதிரி. ஓய்வுபெற்ற கிராம சேவகர் மட்டும் குடிக்குப் பங்கமில்லை என்று நிம்மதியாக இன்னொரு தேநீர் கேட்டார்.

"நீங்க குடுப்பீங்களா, திவாகரன்?"

"நான் செத்தாப் பிறகு யோசிப்பம், மச்சான்."

போன கிழமை கடைக்குப் போனபோது புதுச் செய்தி வந்திருந்தது. உதயரூபன் இப்போது மாமியின் கண்களுக்கு அச்சாரம் வாங்கிவிட்டானாம். கிரானில் விலை கூடவாம்.

மாமியோ சுகமாக இருக்கிறார். அரிசிக்குள் கிடக்கிற கல்லை அந்த வெள்ளை படர்ந்த கண்ணாலேயே பொறுக்கி எறிகிறார். பழைய ஸ்பீக்கர் வீட்டு மூலையில் துணியால் மூடிக் கிடக்கிறது. உதயரூபன் அவருக்கு ஒரு வசனம் கடன்.